பெரியப்பா மாமாவான ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வாத்தியாரின் கதையில் வந்த ஆடு பிழைத்ததா, ரயிலில் அடிபட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

முப்பதுகளின் தொடக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் படித்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் நான்காம் வகுப்பு. ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை, தடுப்பில்லாத ஒரே அறை. ரயில் கடந்து போகும்போதெல்லாம் வாத்தியார் சாக்குக்கட்டியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். கடைசிப் பெட்டி போன பிறகு, விட்ட எழுத்திலிருந்து தொடர்வார். அன்று அவர் பலகையில் நான்கு வரி எழுதினார்.

ஆடு தண்டவாளத்தில் நின்றது.
ரயில் வருகிறதா?
ஆட்டை விரட்டு.
ஐயோ, என் ஆடு!

"முதல் வரி செய்தி வாக்கியம். இரண்டாவது வினா வாக்கியம். மூன்றாவது கட்டளை வாக்கியம். நான்காவது உணர்ச்சி வாக்கியம். நாலும் சேர்ந்தால் ஒரு கதை. புரிந்ததா?"

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "ஆடு செத்துப் போச்சா சார்?" என்று கேட்டாள்.

"இது வினா வாக்கியம். உட்கார்" என்றார் வாத்தியார்.

அதற்கு மேல் அவர் அந்த ஆட்டைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தார். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை நாலு வகை வாக்கியமும் வரும்படி கதையாக எழுதி வர வேண்டும். பேசியவர்கள் பேசியதை அப்படியே எழுத வேண்டும். இட்டுக்கட்டினால் பிரம்படி.

எங்கள் வீட்டில் கதையாக எழுதும்படி எதுவும் நடப்பதில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். உண்மையில் அந்த மாதம் எங்கள் வீட்டில் பெரிய காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அப்பா ரயில்வேயில் பாயின்ஸ்மேன். தண்டவாளத்தை மாற்றிவிடும் இரும்புக் கம்பியை இழுப்பது அவர் வேலை. அப்போது ரயில்வேயில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையிலேயே இரண்டு குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டன. தன் முறை வருவதற்குள் மூத்த பெண்ணையாவது கரையேற்றிவிட வேண்டும் என்பது அப்பாவின் பயம். ஊரிலிருந்து அத்தை கடிதம் எழுதியிருந்தாள். அக்காவைத் தன் மகனுக்குக் கொடுக்கச் சொல்லி, சம்மதம் என்றால் அடுத்த கப்பலில் அனுப்பச் சொல்லி. அந்த அத்தான் கறுப்பா சிவப்பா என்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. அக்கா கடல் தாண்டிப் போனால் மறுபடியும் அவளைப் பார்ப்போமா என்பதும் தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை சம்மதக் கடிதம் எழுதுவதாக முடிவாகியிருந்தது. அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்காவும் எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு என்றால் எங்கள் வீட்டுக்குக் கிள்ளானிலிருந்து பெரியப்பா வருவார். அவர் அப்பாவின் உடன்பிறந்தவர் அல்ல. இருவரும் ஒரே கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அந்தக் காலத்தில் தனியாக வந்தவர்களுக்கு அதுதான் சொந்தம். கப்பலில் யாரை அண்ணன் என்று கூப்பிட்டார்களோ அவர் சாகும்வரை அண்ணன். அவர் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்கள். அந்த வீட்டில் பெண் கொடுப்பதைப் பற்றி நினைப்பதே பாவம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியப்பாவை அப்பா "அண்ணே" என்றார். அவர் அப்பாவை "டேய்" என்றார். அப்பாவின் தட்டிலிருந்து பொரித்த மீனை எடுத்துத் தின்பார். வேலை போய்விடும் என்று அப்பா புலம்பினால், "போடா, பயந்தாங்கொள்ளி" என்று முதுகில் ஒன்று வைப்பார். அப்பாவுக்கு அந்த அடி பிடிக்கும் என்று நினைக்கிறேன். வாரம் முழுவதும் புலம்பாமல் ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைத்திருப்பார்.

பெரியப்பாவின் மனைவி இறந்து வெகு காலமாகியிருந்தது. ஒரே மகன். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் வேலை. அவரும் சேர்ந்தே சாப்பிட வருவார். எனக்கு அவர் அண்ணன். அக்காவுக்கும் அண்ணன்தான். ஆனால் ஆறேழு மாதமாக அக்கா அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். வேறு எப்படியும் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க, தண்ணி" என்பாள், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை என்று முடிவு செய்திருந்தேன்.

வீட்டுப்பாடத்துக்கு என்ன எழுதுவது என்று அக்காவைத்தான் கேட்டேன். அவள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தில் இருந்தது முழுவதையும் பொறுக்கி முடித்துவிட்டு, "அப்பா கப்பல்ல வந்தத எழுதேன்" என்றாள்.

"கட்டளை வாக்கியத்துக்கு எங்க போறது?"

"அப்பா பெரியப்பாகிட்ட மொத மொத என்ன சொன்னாருன்னு கேளு. அது கட்டளையாத்தான் இருக்கும். கப்பல்ல தள்ளு, நவுருன்னுதானே பேசுவாங்க? ஆனா அப்பாவக் கேக்காத. அவரு கவலையில இருக்காரு. பெரியப்பாவக் கேளு."

அடுத்த ஞாயிறு அவர் தெங்கிரி மீனோடு வந்தார். மீன் கழுவுவது எப்போதும் அவர் வேலை. பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் குந்தியிருந்தார். அக்கா பக்கத்தில் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டுப்புத்தகத்தோடு போய்க் கேட்டேன்.

"என்ன சொன்னான்? எதையோ சொன்னான். யாருக்கு ஞாபகம் இருக்கு லா? பள்ளிக்கூடத்துல இதெல்லாமா கேக்குறாங்க?"

"கட்டளை வாக்கியம் வேணும் பெரியப்பா. அப்படியே சொல்லணும். இல்லாட்டி அடி விழும்."

அம்மிக்கல் நின்றுவிட்டது. பெரியப்பா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. அரைத்த மிளகாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மீனின் வயிற்றைக் கீறி, குடலை எடுத்துப் போட்டு, கையைக் கழுவி, மறுபடியும் கழுவினார்.

"எழுதிக்க. 'மச்சான், கையக் குடு'ன்னான்."

"மச்சானா? அண்ணே இல்லையா?"

"அண்ணேயெல்லாம் பின்னாடி வந்தது, புள்ள. நான் வழுக்கி விழப் பாத்தேன். கைய நீட்டி, மச்சான்னுதான் கூப்பிட்டான். மொத வார்த்தை அதுதான்."

அம்மிக்கல் மறுபடியும் உருளத் தொடங்கியது. எனக்கு வாக்கியம் கிடைத்துவிட்ட சந்தோஷம். அன்றைக்குக் கடிதம் எழுத முடியவில்லை. எங்களுக்குக் கடிதம் எழுதித் தருகிற பக்கத்து வீட்டு அக்கா, ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மனைவி, மாதா கோயில் பூசை முடிந்து தலைவலி என்று படுத்துவிட்டார். காரியம் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரத்தில் நான் கதையை எழுதினேன், வாத்தியார் திருத்தினார், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி' போட்டார். என் நோட்டில் அப்படி ஒரு பக்கம் முழுதும் சரி விழுந்தது அதுவே முதல் தடவை.

அதற்கடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்து எல்லாரும் முன்னறையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தாளும் மைக்கூடுமாக வந்து உட்கார்ந்தார். பெரியப்பாவும் மகனும் சுவரோரமாக. அம்மாவும் அக்காவும் உள்வாசல் அருகில். அப்பா கடிதத்தைத் தள்ளிப்போட ஏதாவது கிடைக்குமா என்பதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாப்பா, நீ பள்ளிக்கூடத்துல எழுதினத வாசி" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிப்பதைக் கேட்பதில் ஒரு பெருமை.

நான் எழுந்து நின்று, வாத்தியார் சொல்லிக்கொடுத்த ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

"என் அப்பா கப்பலில் ஏறினார். அலை பெரிதாக இருந்தது. ஒருவர் வழுக்கி விழப் பார்த்தார். 'மச்சான், கையைக் கொடு' என்றார் அப்பா. 'தம்பிக்கு எந்த ஊர்?' என்று அவர் கேட்டார். ஐயோ, கப்பல் எப்படி ஆடியது!"

"என்னது?" என்றார் அப்பா. "மச்சானா? நான் எங்க மச்சான்னேன்?"

"நீதான் சொன்ன" என்றார் பெரியப்பா, தரையைப் பார்த்தபடி.

"அண்ணேன்னுல்ல..."

"அது மூணாம் நாள்லேருந்து. மொத நாளு மச்சான்தான். உனக்கு மறந்துபோச்சு."

பக்கத்து வீட்டு அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தோனியாரே! அப்ப முறையே வேறயா? இத்தன வருஷமா தப்பாவா கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க? அப்ப இந்தப் பையன் இந்தப் பொண்ணுக்கு..." என்று தொடங்கி, வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பாவின் மகன் காது நுனிவரை சிவந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். அம்மா பார்த்தது அக்காவை. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் வெளுத்திருந்தன. எதற்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. போன மாதம் என் மூத்த மகள் ஒரு பையனின் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சமையலறைக்குள் போய் எரியாத அடுப்பை ஊதிக்கொண்டு நின்றேன். இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. தூக்கமும் இல்லை. அப்பாவுக்கு ஊதுவதற்கு ஒரு அடுப்புகூட இல்லை. அத்தனை பேர் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் நேராகத் திருப்பி வைத்தேன்.

"எந்த வரி?"

காட்டினேன்.

"பக்கத்துல செவப்பா இருக்கே, அது என்ன?"

"வாத்தியாரு 'சரி' போட்டிருக்காரு."

"இந்த வரிக்கும் போட்டிருக்காரா?"

"எல்லா வரிக்கும் போட்டிருக்காரு."

அப்பா அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார். "படிச்சவரு சரின்னு போட்டிருக்காரு. நான் என்னத்தச் சொல்ல?" என்றார். அது கட்டளை வாக்கியம் என்பதற்குப் போட்ட சரி என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

அப்பா எழுந்து நின்றார். பெரியப்பா இன்னும் தரையில்தான் இருந்தார். அவர் முன் போய்க் கையை நீட்டி, "எந்திரிங்க மச்சான்" என்றார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அக்கா உள்ளே ஓடிவிட்டாள். கொண்டுவந்த தாளில் அத்தைக்கு வேறொரு கடிதம் எழுதப்பட்டது. பெண்ணுக்கு இங்கேயே முறைமாப்பிள்ளை இருப்பது இப்போதுதான் தெரியவந்தது என்றும், மன்னிக்கவும் என்றும். "தெரியவந்ததுன்னா எப்படின்னு கேட்டா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "பள்ளிக்கூடத்துல கண்டுபிடிச்சாங்கன்னு எழுதுங்க" என்றார் அப்பா. அப்படியே எழுதினார்.

மூன்றாம் மாதம் கல்யாணம். அப்பாவுக்கு வேலையும் போகவில்லை. அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள். இன்றும் கிள்ளானில் அவள் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

பெரியப்பாவை மாமா என்று கூப்பிட எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மற்றதெல்லாம் உடனே மாறிவிட்டது. சம்பந்தி என்பதால் அவருக்கு நாற்காலி போட்டார்கள். தனி இலையில் முதலில் பரிமாறினார்கள். மீன் கழுவ விடவில்லை. அவரும் அப்பாவை "நீங்க" என்றார். அப்பா வேலையைப் பற்றிக் கவலைப்பட்டால், "எல்லாம் நல்லபடியா நடக்கும் மச்சான்" என்று மரியாதையாகச் சொன்னார். அப்பாவை வாடா போடா என்றவரே வாங்க போங்க என்கிறார் என்றால், அப்பா பெரிய ஆளாகிவிட்டார் என்றுதான் அர்த்தம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இருபது வருஷத் தப்பு ஒன்றை நான் கண்டுபிடித்துத் திருத்தியதாக வேறு நம்பினேன். வெகு காலம் நம்பினேன்.

மாமா இறந்த வருஷம் அப்பாவிடம் கேட்டேன். கப்பலில் நிஜமாகவே மச்சான் என்றுதான் கூப்பிட்டீர்களா?

"கப்பல்ல நான் யாரையுமே கூப்பிடல பாப்பா" என்றார். "ஏறின அன்னைக்கே காய்ச்சல். கையக் குடுக்கிறதாவது? கண்ணத் தொறக்க முடியாம கெடந்தேன். செத்துட்டான்னு ஓரமா தள்ளப் பாத்தாங்களாம். என் தம்பிய தொடாதீங்கன்னு அண்ணன்தான் சத்தம் போட்டு நிறுத்தினாராம். யாரு எவருன்னே தெரியாது. மொதல்ல கூப்பிட்டது அவருதான்."

நான் கதை வாசித்த அந்த ஞாயிறு, முன்னறையில் எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அப்பா நீட்டிய கையைப் பிடித்து எழுந்த பெரியப்பா, அந்தக் கையை வெகுநேரம் விடாமல் நின்றார். இவ்வளவு நேரம் எதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்துவிட்டு, நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.