நான்கு ஜாக்கியில் ஆடிய அடைகல்

பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மீது சம்மட்டி விழும்போது கேட்கவேண்டிய ஓசை ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பட்டறையிலோ "ணங்" என்றதன் பின்னாலேயே "டக்" என்று இன்னொன்று, கூப்பிடாத விருந்தாளிபோல வந்து சேரும். முதலாவது இரும்பின் ஓசை, இரண்டாவது அந்த இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் ஆடுகிற ஓசை என்பதை அறிய எட்டு வயதில் எனக்குத் தனி ஞானம் தேவைப்படவில்லை. ஒவ்வொரு "டக்"குக்கும் அப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கும்.

ஆழ்துளைக் கிணறு போடும் "ரிக்" வண்டியோடு வருடத்தில் பத்து மாதம் வடக்கே கிடந்தவர் அப்பா. இனி ஊரோடு இருந்துவிடுவது என்று, புதுச்சத்திரத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கடப்பாரைக்கும் உளிக்கும் முனை அடித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். ஆடுகிற கல்லில் அடித்த கடப்பாரை கோணலாகத்தான் வரும். கோணல் கடப்பாரைக்காரர் இரண்டாம் முறை நம் பக்கம் வரமாட்டார். ரிக் வண்டியை நடத்திய என் மாமா, அம்மாவின் தம்பி, இதற்காகவே காத்திருந்தவர்போல வந்து நின்றார்.

"மச்சான், வெள்ளிக்கெழமை வண்டி கெளம்புது. உங்க கல்லு ஆடி முடிக்கிற வரைக்கும் நிறுத்தி வைக்க முடியாதுங்க."

அப்பா ஏறிவிட்டால் அடுத்த பொங்கலுக்குத்தான் பார்க்க முடியும்.

குற்றம் தாங்கியில் இருந்தது. மேடுபள்ளத்தில் நான்கு ஜாக்கி கொடுத்து ரிக் வண்டியை மட்டமாக நிறுத்திப் பழகியவர், அடைகல் தாங்கிக்கும் நான்கு கால் வைத்து, காலுக்கொரு திருகு ஜாக்கியும் பொருத்தியிருந்தார். மட்டம் பார்த்துத் திருகி முடித்துப் பத்து அடி அடித்தால் ஏதாவது ஒன்று தளர்ந்துவிடும். தளர்ந்ததைக் கண்டுபிடித்து இறுக்கும் தலைமைப் பொறியாளர் நான்.

தண்ணீர் காயவைக்க வந்த அம்மா ஒருநாள் நின்று பார்த்தார். "ஏனுங்க, வெந்நி அண்டா மூணு கல்லு மேல வருசக்கணக்கா நிக்குது. அதுக்கு எந்த ஜாக்கி போட்டீங்க?"

"நாலு காலுல நிக்காதது மூணு காலுல நிக்குமா?" என்றார் அப்பா. நானும் என் கணித மேதைமையோடு, நாலு மூணைவிடப் பெரிசு என்று தரையில் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். அம்மா அதன் மேலேயே குடத்தை வைத்தார்.

வியாழக்கிழமை அப்பா நான்கு கால்களையும் அறுத்துப் போட்டார். பழைய குழாயில் மூன்று கால்களை வெளிப்பக்கமாக விரித்துப் பற்றவைத்து, குழாய்க்குள் மணலை இடித்துக் கெட்டித்தார். சாயங்காலம், துணிமணி கட்டியாச்சா என்று கேட்டுக்கொண்டே மாமா வந்தார். பதிலாக அப்பா ஒரு கடப்பாரையைப் பழுக்கக் காய்ச்சிக் கல்லில் வைத்து அடித்தார். ஒரே ஓசை. மறுபடி அடித்தார். மாமா தாங்கியைக் காலால் உந்திப் பார்த்தார். நகர்ந்தது அவர் செருப்புதான்.

"செரி, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பினார். "வண்டியில ரெண்டு கடப்பாரை மழுங்கிக் கெடக்குதுங்க மச்சான். காலைல கொண்டாரேன்."

மூன்று கால் என் யோசனை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டேன். அம்மா இன்றுவரை மறுக்கவில்லை.

நெடுஞ்சாலை அகலமானபோது வீடும் கொட்டகையும் இருந்த இடம் சாலைக்குள் போய்விட்டது. இப்போது அதன் மேல் பேருந்துகள் ஓடுகின்றன. அப்பா என்னோடு சேலம் ஃபேர்லேண்ட்ஸுக்கு வந்து, கார் நிறுத்துமிடத்தைப் பட்டறையாக்கியிருக்கிறார். என் கார் தெருவில் வெயில் காய்கிறது. வெளியூர்க் கல்யாணம் எதற்குக் கூப்பிட்டாலும் தலையைத் தூக்காமல் சொல்கிறார்:

"வேலை கெடக்குது சாமி. நீங்க போயிட்டு வாங்க, நான் ஊட்டுலயே இருக்கறேன்."