புளியமரத்துக்குப் பின்னால் ஒரு பிரியாவிடை

காலை ஏழே கால். செஞ்சிக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால், அனந்தபுரம் சாலையோரம், ஒரு புளியமரத்துக்குப் பின்னால் பெட்டியோடு ஒளிந்துகொண்டிருந்தேன். அன்றிரவு சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம். ஐம்பத்து நான்கு வயதில் கௌரவமாக ஊர் திரும்புகிறவன் செய்கிற காரியமல்ல இது.

மூன்று மாதங்களுக்கு முன் மலேசியாவில் என் ஊரான ஈப்போவிலிருந்து புறப்பட்டபோது, செஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் சம்பளமில்லாமல் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கப் போவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். சொன்ன தோரணையில், அந்தப் பெண்கள் அதுவரை வாயே திறந்ததில்லை என்று அவர்கள் நினைத்திருக்கக்கூடும். வந்த ஒரே வாரத்தில் என் உண்மையான உபயோகம் தெரிந்துவிட்டது. நான் தங்கிய கிராமத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் போகிறவர்கள் பதினோரு பேர். காலையில் இருப்பது ஒரே டவுன் பஸ். பெண்களுக்கு அதில் கட்டணமில்லை. ஆகவே பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தம் வந்தால் எங்கள் ஓட்டுநருக்குப் பார்வை மலைப்பக்கம் போய்விடும். பத்து ரூபாய் கொடுக்கிற ஓர் ஆண் நின்றால் பிரேக் தானாக விழும். ஊர் ஆண்களெல்லாம் மோட்டார் சைக்கிள்காரர்கள். எனவே அந்த ஆண் நான். என் முதுகலைப் பட்டத்தைவிட மீசைக்குத்தான் அங்கே மதிப்பு.

நான் கிளம்பினால் யாருக்கு நஷ்டமோ இல்லையோ, பன்னிரண்டாம் வகுப்பு சுகன்யாவுக்கு உண்டு. பஸ் நிற்காத நாளில் அவளை மொபெட்டில் கொண்டுபோய் விடுவது அவள் அப்பா ஏழுமலை. கொத்தனார்; தாமதமாகப் போனால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். "சார் போனப்புறம் பஸ்ஸு நிக்கலன்னா படிப்ப நிறுத்திக்க" என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்.

முந்தின நாள் பள்ளியில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது சுகன்யாவும் எங்கள் ஊர்ப் பெண்களும் கடைசி வரிசையில் தலைகுனிந்திருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் வந்தாள்.

"சார், நாளைக்கு நீங்க மரத்துக்குப் பின்னாடி நில்லுங்க. நீங்க இல்லாம பஸ்ஸு நிக்குதான்னு பாக்கணும்."

அப்பாவுக்கும் அதே உத்தரவு. ஆக, மரத்துக்குப் பின்னால் இரண்டு ஆண்கள்.

"இன்னா சார், நம்மள இப்டி குந்த வெச்சிட்டாளுங்க" என்றார் ஏழுமலை.

"குனியுங்க, உங்க சட்டை தெரியுது."

"உங்க பொட்டி மட்டும்? திருவிழா மாரி செவப்பா இருக்குது." எட்டிப் பார்த்தவர் எண்ணினார். "பத்து பேருதான் நிக்குதுங்க. எங்க நம்ம பொண்ணு? ஆறு மணிக்கே கெளம்பிட்டாளே."

எனக்கும் தெரியவில்லை.

பஸ் வந்தது. சாலை முடிகிற இடத்தில் செஞ்சி மலைகள். யாரோ கோட்டை கட்டப் பாறைகளை இறக்கிவிட்டு ஆள் அனுப்ப மறந்ததுபோல் இருக்கும். ஓட்டுநர் வழக்கம்போல் அவற்றை ரசித்துக்கொண்டே வந்தார். வேகம் குறையவில்லை.

"நிக்காது சார்" என்றார் ஏழுமலை. ஜெயித்தவரின் குரலாக இல்லை அது.

விசில் கேட்டது. பஸ் குலுங்கி, பெண்களுக்கு நேர் எதிரே நின்றது. முன்படியிலிருந்து சுகன்யா இறங்கினாள். இரண்டு கிலோமீட்டர் பின்னால், காசு கொடுத்துக் கூலி ஆட்கள் ஏறுகிற நிறுத்தம் வரை நடந்துபோய் ஏறி வந்திருக்கிறாள். ஏற நிற்பவர்களைப் பார்க்காமல் போகலாம். உள்ளே இருந்து இறங்கணும் என்கிறவளை என்ன செய்வது? பத்துப் பேரும் ஏறினார்கள். கடைசியில் அவளும் ஏறினாள்.

"ஏம்மா, எறங்கணும்னுதான சொன்ன?" என்றார் நடத்துநர்.

"எறங்கிட்டேனே அண்ணா. இப்ப ஏறுறேன். இன்னொரு டிக்கெட் கிழிங்க, ஃப்ரீதான?"

"தெனம் இதே கூத்தா?" முன்னாலிருந்து ஓட்டுநர்.

"நாளைக்கு நான் எறங்குவேண்ணா" என்றது ஏழாம் வகுப்பு வாண்டு ஒன்று. "நாளன்னிக்கு இவ."

நடத்துநர் சிரிப்பை அடக்க முடியாமல் இரட்டை விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் அதில் நானும் போக வேண்டியவன் என்பது நினைவுக்கு வந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஜன்னலெல்லாம் கைகள். "சார், யூ மிஸ்டு த பஸ்" என்று சுகன்யா கூவினாள். என் மூன்று மாத உழைப்பு. ஒரு பிழை இல்லை.

ஏழுமலை மொபெட்டைக் கிளப்பினார். பெட்டி அவர் காலடியில், நான் பின்னால்.

"பொண்ணு விஷயம்?" என்றேன்.

"இன்னா சார் பண்றது? பஸ்ஸையே நிறுத்திட்டா. இனிமே அவள நான் எங்க நிறுத்தறது? படிக்கட்டும்."

அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். நடத்துநர் என்னைப் பார்த்து ஏறச் சொல்லிக் கை காட்டினார்.

"ஏறிக்கிறீங்களா சார்?" என்றார் ஏழுமலை.

"வேணாம். நான் ஏறினா, நம்ம ஊர்ல நின்னதே எனக்காகத்தான்னு டிரைவர் சொல்லிக்குவாரு."

ஏழுமலை ஹாரனை அழுத்திக்கொண்டே பஸ்ஸை முந்தினார்.