லேப்புக்குள்ள போன பால் போத்தல்

ரெண்டாம் வருச லீவுல, கேம்பஸ் இரசாயன லேப்புல ஆராய்ச்சி செய்ய ஒரே ஒரு ஆளைத்தான் எடுத்தாங்க. அந்த ஆள் நான். புதுசா ஒரு இரசாயனச் சேர்வையைப் படிப்படியா உருவாக்குற வேலை. பசறை பஸ்ஸை விட்டு எறங்கி ஓடி வந்து, தோட்டத்து லயத்துல எங்க வீட்டு வாசல்லயே நின்னு கத்திச் சொன்னேன். அம்மா அழுதுச்சு. சந்தோசத்துல இல்ல.

அப்பா தேயிலைத் தோட்டத்துல புல்லு சாகுறதுக்கு மருந்து அடிச்சவரு. கையுறை, முகமூடி ஒரு மண்ணும் கெடையாது. நான் கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு நாள் மலையில இருந்து வந்து வாந்தி எடுத்தவரு, பதுளை ஆஸ்பத்திரியில இருந்து உசுரோட திரும்பல. மருந்து அடிச்சிட்டு வந்து ஒரு கப் பால் குடிச்சா வெஷம் எறங்கிரும்னு எங்க தோட்டத்துல எல்லாருக்கும் நம்பிக்கை. "வேலை முடிஞ்ச கையோட பால் குடிப்பேன்னு சத்தியம் பண்ணு, அப்பத்தான் விடுவேன்"னு அம்மா ஒத்தக் கால்ல நின்னுச்சு. பண்ணுனேன். வேற என்ன செய்ய?

லேப்புல நான் அவ்வளவு சந்தோசமா இருந்தேன். சூடான கரைசல் மெல்ல ஆறி, குடுவைக்குள்ள ஊசி ஊசியா பளிங்கு விழும்போது மூச்சு விடவே மறந்துரும். உள்ள தண்ணிகூடக் குடிக்கக் கூடாது, தெரியும். ஆனா அன்னைக்கி வேலை முடிஞ்சும் குடுவையை விட்டு நகர முடியல. சத்தியம் வேற. நின்ன எடத்துலயே, அம்மா குடுத்து விட்ட பால் போத்தலைத் தொறந்து ரெண்டு மடக்கு குடிச்சேன். திரும்புனா லேப்புக்குப் பொறுப்பான விரிவுரையாளர் சேர் நிக்கிறாரு.

ஏன்னு கேட்டாரு, சொன்னேன். அவரு சிரிக்கல, ஏசவும் இல்ல. "பிள்ளை, இது உயிரோட விளையாடுற விசயம். இனி உம்மை உள்ளுக்கு விட ஏலாது." அவ்வளவுதான். என் எடம் வேற ஒருத்தருக்குப் போயிருச்சு.

வீட்டுக்கு வந்த வேகத்துல பையை விட்டெறிஞ்சேன். "பாலாம் பாலு! அது எந்த வெஷத்தையும் எறக்காதும்மா. ஒன்னாலதான் எல்லாம் போச்சு!"

அம்மா அடுப்புக்கிட்ட அப்படியே உக்காந்துருச்சு. பதிலுக்குத் திட்டும்னு பாத்தேன். திட்டல.

"நெசமாவா சொல்ற? ஒங்கப்பா வாந்தி எடுத்த அன்னைக்கி வீட்டுல ஒரு கப் பால்தான் இருந்துச்சு. நீ பசியில கத்துனன்னு ஒனக்குக் குடுத்துட்டேன். அத அவருக்குக் குடுத்திருந்தா..."

"குடுத்திருந்தாலும் பொழச்சிருக்க மாட்டாரும்மா."

அம்மா என் ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சுக்கிச்சு.

"இன்னொருக்கா சொல்லு."