மூலை கம்ப்யூட்டரின் நிமிஷம்

அந்த டைப்பிங் சென்டரில் ஆறு கம்ப்யூட்டர்கள். ஐந்து சும்மா கிடந்தாலும் மூலையில் இருந்த பழையதுக்கு மட்டும் அடிதடி. அதில் உட்கார்ந்தால் யாருக்கும் வேகம் கூடிவிடும். ராசி என்றார்கள். பதினெட்டு வருஷமாகச் சென்டர் நடத்தும் டீச்சருக்கு ராசியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கூட்டம் வருகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்த இடத்தைப் பிடித்தது அவளுடைய நாத்தனார். நாற்பத்தொரு வயதில் முதன்முதலாக வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நிமிஷத்துக்கு முப்பத்தைந்து வார்த்தை அடித்தால் வேலை. மூலையில் அவள் முப்பத்தெட்டு அடித்தாள்.

"பாத்தீங்களா அண்ணி? இப்பவாவது ஒரு வார்த்தை நல்லதா சொல்லுங்க."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் எண்ணிய பத்து நிமிஷப் பயிற்சிக்கு அதில் பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருந்தது. பேட்டரியை மாற்றினாள். மறுநாளும் பன்னிரண்டு. கடிகாரத்தையே மாற்றினாள். புதியதும் பழையதைப் போலவே பொய் சொன்னது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து பார்த்துச் சிரித்தார்.

"மத்த அஞ்சு மெஷினோட பேக்கப்பும் பகல் பூரா இதுலதான் ஏறுது. ஹார்ட் டிஸ்க் மும்முரமா ஓடுறப்போ இது சில நொடியை எண்ணாம விட்டுடுது. ராத்திரி இன்டர்நெட்டைப் பாத்து நேரத்தைத் திருத்திக்குது. காலையில வந்தா நல்ல பிள்ளை!"

அப்படியானால் நாத்தனாரின் உண்மையான வேகம் முப்பத்திரண்டுகூட இல்லை. பரீட்சைக்கு ஒன்பதே நாள். சொன்னால் மனசு உடைவாள். சொல்லாவிட்டால் பரீட்சை அறையில் உடைவாள்.

டீச்சர் பேக்கப்பை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நான் வேகமா அடிச்சா உங்களுக்குப் பொறுக்காதே!" என்று எகிறினாள் நாத்தனார்.

"கடிகாரத்தை நான் பெத்தேனா? உக்காந்து அடி."

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. விசைப்பலகை மட்டும் பேசியது. மூன்றாம் நாள் முப்பத்து மூன்று.

பரீட்சை முடிந்து, கையில் சீட்டோடு நேராகச் சென்டருக்கு வந்தாள். முப்பத்தாறு.

"தப்பு எத்தனை?" என்றாள் டீச்சர்.

"ரெண்டு. அதை விடுங்க. அந்தப் பேக்கப்பை ஒரு தடவை ஓட விடுங்க அண்ணி. நாப்பதைத் தாண்டுறேனான்னு பாக்கணும்."

டீச்சர் எழுந்து பேக்கப்பை ஓட விட்டாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.