நத்தார் மரத்துப் பஞ்சு

எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு நத்தார் மரம் நின்றது. பிளாஸ்டிக் கிறிஸ்மஸ் மரம் இல்லை, உயிர் மரம். கோயில் சனத்தோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது என் கணவர் அதை முழங்கால் உயரக் கன்றாக வாங்கினார். மன்னார் வந்து சேரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார். குளிர் நாட்டு மரம், எங்கள் தீவு வெக்கையில் ஒரு கிழமை தாங்காது என்று நான் வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன். அது தாங்கியது. சீமெந்துச் சாடியில் நின்றபடி அடுக்கடுக்காகக் கிளை விட்டு என் தோளுக்கு மேலே வளர்ந்தது.

அதற்கு அவர் செய்த உபசாரம் எனக்கு ஒருநாளும் நடந்ததில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் குடிக்கப் பிடித்து வைக்கிற தண்ணீரில் அதற்கும் பங்கு. உப்புக்காற்று படக்கூடாதென்று கடல் பக்க யன்னலைத் திறக்க விடமாட்டார். நான் வியர்த்து வழிந்தபடி, "உங்களுக்கு நான் பெண்சாதியோ, அந்த மரம் பெண்சாதியோ?" என்று கேட்பேன்.

"அது வாய் காட்டாது," என்பார்.

எங்களுக்கு ஒரே மகள். மரத்தைச் சோடிப்பது அவளுடைய உரிமை. பாமசியில் பஞ்சு வாங்கி, மெல்லிசாகப் பிய்த்து, கிளை இடுக்குகளில் வைப்பாள். எங்கள் ஊர் ஸ்னோ அதுதான். கலியாணம் முடித்து நோர்வேக்குப் போவதற்கு முந்திய நத்தாருக்கும் அப்படித்தான் சோடித்தாள். மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிறகு பந்துகளையும் வெளிச்சங்களையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். பஞ்சில் கைவைத்தபோது அவர் விடவில்லை.

"அவள் வைச்சது. கிடக்கட்டும்."

அவள் போன புதிது. வீடு வெறிச்சென்று கிடந்தது. நானும் பஞ்சை விட்டுவிட்டேன்.

மகள் போனில் வந்தால் முதலில் மரத்தைக் காட்டச் சொல்வாள். "இங்கை உண்மையான ஸ்னோ கொட்டுது அப்பா. பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. எனக்கு எங்கடை பஞ்சு ஸ்னோதான் வேணும். வாற நத்தாருக்கு வருவன். மரத்தை நான்தான் சோடிப்பன், அம்மாவைத் தொட விடாதேங்கோ."

"நீ வா பிள்ளை. மரம் நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு," என்றார் அவர்.

சும்மா சொன்ன சொல் இல்லை. ஐஸ் லொறி ஓட்டுவதை நிறுத்தி வீட்டில் இருக்கத் தொடங்கிய பிறகு அவர் பொறுப்பெடுக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. காலையில் எழும்பிச் செபம் சொல்லி முடித்ததும் நேரே மரத்தடிக்குத்தான் போவார்.

வீடு கூட்டுகிறவள் நான். ஒருநாள் கூட்டும்போது பார்த்தேன், பஞ்சு முன்னரைவிடக் கூடுதலாக இருந்தது. மகள் பஞ்சே வைக்காத மேல் கிளையிலும் வெள்ளை தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, இந்தப் பஞ்சு கூடுது," என்றேன்.

"பஞ்சு எப்பிடிக் கூடும்? நீர் முதலிலை கண்ணாடியை மாத்தும்."

அன்று பின்னேரம் போனில் மகளிடமும் சொல்லிவிட்டார். "கேட்டியே பிள்ளை, அம்மாவுக்குப் பஞ்சு குட்டி போடுதாம்." அப்பனும் மகளும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று ஊருக்கே தெரியும். எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் நான் ஓயவில்லை. மரத்தடியில் தரை பிசுபிசுக்கிறது என்றேன். எறும்பு சாரை சாரையாய் ஏறுகிறது என்றேன். "பஞ்சை எடுத்து எறியுங்கோ, அந்தப் பஞ்சினாலைதான் மரம் கெடப்போகுது" என்று நாளுக்கு நாலு தரமாவது சொல்லியிருப்பேன். மகள் கைபட்ட பஞ்சை அவர் எடுக்கவேயில்லை. நான் சொல்லச் சொல்ல அவருக்குப் பிடிவாதம் கூடியது.

பிறகு ஒரு காலை நேரம் அவரே கண்டார். நான் அடுப்படியில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தேன். சுட்டுவிரலை முன்னால் நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். விரலில் ஒரு துளிப் பஞ்சு. அது மெல்ல ஊர்ந்தது. பப்பாசி இலையின் கீழே வெள்ளையாய் அப்பிக் கிடக்குமே, அதே மாதிரி மாவுப்பூச்சி. பஞ்சோடு பஞ்சாக இருந்து இத்தனை நாளும் மரத்தை உறிஞ்சியிருக்கிறது.

அவருடைய முகம் அப்படியே விழுந்துபோயிருந்தது. விரலை மட்டும் காட்டினார். என்னிடம் உதவி கேட்டு வந்திருக்கிறார் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அப்பனும் மகளும் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து வைத்திருந்த சொல்லை அவிழ்த்துக் கொட்டினேன்.

"நான் அப்பவே சொன்னனான். கேட்டியளோ? உங்கடை மகளின்ரை பஞ்சினாலைதான் இந்த வினை. வைச்சிருங்கோ, இன்னும் வைச்சிருங்கோ."

அவர் விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

சவுக்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் அந்தப் பூச்சி போகும். எங்கள் பப்பாசிக்கு நான் அப்படித்தான் செய்தேன். பின்னால் போய்ச் சொன்னேன். "நீர் சொன்னது காணும், இனி விடும்," என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, வயல் ஊரான முருங்கனுக்குப் பஸ் ஏறினார். வயலுக்கு அடிக்கிற மருந்து ஒன்றோடு வந்தார். எவ்வளவு கலக்க வேண்டும் என்று போத்தலில் எழுதியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ரோஷத்தில் கைக்கு வந்தபடி கலந்து, மரம் குளிக்கக் குளிக்க அடித்தார். வீடு முழுக்க நாறியது. கடல் பக்க யன்னலைத் திறந்தேன். அவர் தடுக்கவில்லை.

பூச்சி செத்தது. கொஞ்ச நாளில் கீழ் அடுக்கிலிருந்து இலையும் காய்ந்து மண்ணிறமாகி, கை பட்டால் உதிர்ந்தது. மேல் குருத்து மட்டும் பச்சையாய் நின்றது. அதற்கு அவர் குடிதண்ணீரைத் துளித்துளியாய் விட்டுப் பார்த்தார். அதுவும் தலை சாய்ந்துவிட்டது.

ஒரு பின்னேரம் அவர் கதிரையை இழுத்துப்போட்டு மரத்தின் முன்னால் இருந்தார். மடியில் பழைய பேப்பர். கிளைகளிலிருந்து வெள்ளையைக் கிள்ளிக் கிள்ளி அதில் போட்டார். அவள் வைத்தது எது, பூச்சியின் கூடு எது என்று விரலால் நசித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்றபடி பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் எடுத்தாள். நத்தாருக்கு வர பிளேன் ரிக்கெற் போட்டாச்சு என்று சந்தோஷமாய்ச் சொன்னாள். மரத்தைக் காட்டச் சொன்னாள். அவர் போனைத் திருப்பவில்லை.

"மரம் பட்டுப்போச்சு பிள்ளை. பூச்சி. அம்மா அப்பவே சொன்னவ. நான்தான் கேக்கேல்லை."

அவர் வாயால் இதை ஒருநாள் சொல்ல வைக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். நக்கல் இல்லை, கோபமும் இல்லை. அவர் என்னை ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

மகள் என்னைக் கூப்பிட்டாள், நான் போனுக்குக் கிட்டப் போனேன். "அம்மா, நான் வைச்ச பஞ்சினாலையோ?" என்று கேட்டாள்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "இந்த வெக்கைக்கு அது எப்பிடியும் வாற பூச்சி. பஞ்சுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

எவ்வளவு லேசாக வந்தது அந்தப் பொய். அவர் விரலை நீட்டிக்கொண்டு வந்து நின்ற காலையில் அதை அவருக்கும் சொல்லியிருக்கலாம்.