கிணற்றடிக்குப் போன புள்ளிக்கோடு

பார்சல்காரர் மூன்றாம் தரமும் போன் எடுத்து வழி கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அக்கா, நீங்கள் அனுப்பின இடம் பனங்கூடலுக்கை காட்டுது."

"அப்ப ஆலடிச் சந்தியிலை இருந்து உள்ளுக்கை வாங்கோ. ரெண்டாவது ஒழுங்கை. கோயில் ஒழுங்கையை எண்ணாதேங்கோ, அதை விட்டிட்டு ரெண்டாவது."

"எந்தக் கோயில்? இஞ்சை நாலு கோயில் நிக்குது."

கடைசியில் நானே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனேன். அவர் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பருத்தித்துறைக்குப் போகிற பஸ் றோட்டு ஒரு மஞ்சள் கோடு. அதற்குப் பக்கத்தில் வெறும் பச்சை. எங்கள் ஊர் அந்தப் பச்சைக்குள் எங்கேயோ இருந்தது.

"உங்கடை ஊரிலை ஆக்கள் இருக்கினமோ எண்டே எனக்குச் சந்தேகம் வந்திட்டுது," என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில், கம்பஸில் நான்கு வருடம் புவியியல் படித்தவள் நான். யாரும் உள்ளே போய்த் திருத்தக்கூடிய திறந்த வரைபடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது என்று தெரியும். கம்பஸில் செய்து கொடுக்கச் சொன்ன ஒப்படை ஒன்றுக்காக, நான் கால் வைத்தேயிராத தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்குச் செய்மதிப் படத்தைப் பார்த்து வீடுவீடாகப் பெட்டி கீறியிருக்கிறேன். என்னுடைய ஒழுங்கையைக் கீற வேண்டும் என்று அந்த நான்கு வருடத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை.

அன்று பின்னேரமே தொடங்கினேன். பட்டம் முடிந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். டியூட்டறியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர்களையும் இழுத்தேன். செய்மதிப் படத்தில் கூரைகள் தெரியும், ஒழுங்கைகள் தெரியாது. மாமரமும் பூவரசும் பனையும் எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே நடக்க வேண்டும். போனில் தடம் பதியும் செயலியைப் போட்டுவிட்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தோம். அளவுத்திட்டம் என்றால் என்னவென்று கரும்பலகையில் ஆறு கிழமை கத்தி விளங்காத பிள்ளைகளுக்கு, கோயில் வீதியைக் காலடியால் அளந்து கொப்பியில் கீறிய ஒரு பின்னேரத்தில் விளங்கிவிட்டது.

பழைய பொருட்களையும் போட்டோம். சந்தியில் இருக்கும் சுமைதாங்கி, கேணி, மாடுகள் உரசுவதற்கென்று எப்போதோ நட்டு இப்போது றோட்டுத் தாருக்குள் பாதி தாழ்ந்து நிற்கும் ஆவுரஞ்சிக் கல். சுமைதாங்கியை 'மரபுரிமைச் சின்னம்' என்று பதியச் சொன்னபோது கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"மிஸ், அதுக்கு மேலை எங்கடை அம்மா மிளகாய் காயப் போடுறவா. அதையும் பதியவோ?"

பதியச் சொன்னேன். ஒரு மாதத்தில் பச்சைக்குள் ஊர் எழும்பி வந்தது. பார்சல்காரரே ஒருநாள் நேரே கேற்றடியில் வந்து ஹோர்ன் அடித்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

பிழை நடந்தது கடைசி நாளில்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு அக்கா இருக்கிறார். புருசன் இல்லை, இரண்டு பிள்ளைகள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அவருடைய வளவுக்கு அடுத்தது கிளாக்கர் அண்ணையின் வளவு. பட்டினத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர், அதனால் ஊருக்கே கிளாக்கர். அந்த வளவின் நடுவில்தான் நல்ல தண்ணீர்க் கிணறு. அக்காவின் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் மாக் குழைத்தால் இடியப்பம் காய்ந்த கயிறு மாதிரி வரும், தேத்தண்ணி திரையும். ஆகவே நல்ல தண்ணீர் முழுவதும் கிளாக்கர் அண்ணையின் கிணற்றில் இருந்துதான், வேலிப் பொட்டுக்குள்ளால்.

வேலியில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளிதான் பொட்டு. அதற்குக் கதவும் இல்லை, பெயரும் இல்லை. கறிக்கிண்ணம், கோழி, நாய், செத்தவீட்டுச் செய்தி எல்லாம் அதற்குள்ளால்தான் போகும். நான் பிறந்ததிலிருந்து கோயில் ஒழுங்கையால் வீட்டுக்கு வருவதென்றால், கிளாக்கர் அண்ணையின் வளவுக்குள் இறங்கி, கிணற்றடியைக் கடந்து, பொட்டால் அக்காவின் வளவுக்குள் வந்து, எங்கள் ஒழுங்கையில் ஏறுவேன். கடைசி நாளும் அப்படித்தான் வந்தேன். போன் சும்மா இருக்கவில்லை. நான் நடந்ததையெல்லாம் நீலக் கோடாக எழுதி வைத்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முதல் கணினியில் உட்கார்ந்து அந்த நீலக் கோட்டின் மேல் புள்ளிக்கோடு இழுத்து, வகை என்ற இடத்தில் 'நடைபாதை' என்று போட்டேன்.

வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அளந்திருந்தால் இந்தப் பிழை நடந்திராது. அவருக்கு அதில் வேலி தெரிந்திருக்கும், வேலியோடு நின்றிருப்பார். எனக்கு வழிதான் தெரிந்தது.

மூன்று கிழமை போயிருக்கும். ஒருநாள் காலமை அக்கா முன் கேற்றால் வந்தார். அதுவே வழமையில்லை. பின் வேலிப் பக்கம் நின்று கூப்பிடுகிறவர் அவர்.

"பொட்டுக்குத் தகரம் அடிச்சுப் போட்டார்," என்றார்.

"ஆர்?"

"வேறை ஆர், கிளாக்கர்தான். நீ போனிலை என்னவோ றோட்டுப் போட்டியாம்."

நான் தகரத்தைப் பார்த்தேன். பொட்டை மட்டுமல்ல, அக்காவின் பக்கத்து வேலி முழுவதற்கும் புதுத் தகரம் பளபளவென்று நின்றது. அக்கா நாளுக்கு எட்டுக் கான் தண்ணீர் எடுப்பார். பொட்டால் போனால் ஐம்பது காலடி. இனி ஒழுங்கையால் இறங்கி, கோயிலைச் சுற்றி, கிளாக்கர் அண்ணையின் முன் கேற்றுக்குப் போக வேண்டும். அந்தக் கேற் அவர் கந்தோரால் வரும்வரை பூட்டு. அக்காவுக்குத் தண்ணீர் வேண்டியது விடியற்காலையில். முதல் நாள் எடுத்து வைக்கலாம் என்றால், எட்டுக் கானையும் அவ்வளவு தூரம் சுமந்து முடிய அடுத்த நாள் மா வறுக்கிற நேரம் போய்விடும்.

"உவர்த் தண்ணியிலை ஒருநாள் அவிச்சுக் குடுத்தன்," என்றார் அக்கா. "கடைக்காரர் திருப்பி அனுப்பிப் போட்டார். இன்னொருக்கா அப்பிடி வந்தால் வேறை ஆளைப் பாப்பினமாம்."

பின்னேரம் கிளாக்கர் அண்ணையிடம் போனேன். சண்டை பிடிக்கிற மனிசர் இல்லை. கதிரை போட்டார். தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். என்னுடைய வரைபடம்தான். அவருடைய வளவின் நடுவால் என்னுடைய புள்ளிக்கோடு. அதைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள்.

"மகளுக்குக் கலியாணம் பேசுறம்," என்றார். "மாப்பிள்ளை பகுதி கனடா. இந்த வளவுதான் சீதனம். மாப்பிள்ளையின்ரை தமையன் அங்கை இருந்துகொண்டு போனிலை காணி பாத்திருக்கிறார். வளவுக்குள்ளாலை பாதை போகுதே, அது ஆரின்ரை எண்டு கேக்கிறார்."

"அது பாதை இல்லை அண்ணை. பொட்டு."

"எனக்குத் தெரியும். கனடாவுக்குத் தெரியுமோ? கூரையிலை ஓடு மாத்தின இடம் ஏன் வேறை நிறமா இருக்கெண்டும் கேட்டவர், பிள்ளை. அவையளுக்கு இப்ப மேலை நிண்டு பாக்கத்தான் தெரியும்."

அவருக்கு முன்னாலேயே போனை எடுத்துக் கோட்டை அழித்தேன். அழித்ததைக் காட்டினேன்.

"அவரின்ரை போனிலையும் அழிஞ்சிட்டுதோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. இந்த வரைபடத்தை எடுத்துப் பாவிக்கிற செயலிகள் தங்கள் பிரதியைப் புதுப்பிக்கக் கிழமைக்கணக்கில் ஆகலாம். அவர்கள் எடுத்து வைத்த படம் எப்போதும் அழியாது என்பதையும் சேர்த்து உள்ளபடி சொன்னேன்.

"அப்ப தகரமும் நிக்கட்டும்," என்றார். "அவளின்ரை கிணத்துப் பங்கை நான் மறுக்கேல்லை. கேற்றாலை வரட்டும். இண்டைக்குப் பாதை எண்டு படத்திலை கிடந்தால் நாளைக்கு றோட்டுக்குக் கல்லுப் போட வருவினம்."

அடுத்த நாளிலிருந்து நான் ஸ்கூட்டியில் தண்ணீர் காவினேன். பின்னேரம் கிளாக்கர் அண்ணை வந்து கேற் திறந்ததும் கால் வைக்கும் தட்டில் இரண்டு கானாக நான்கு தரம்.

"கம்பஸ் முடிச்சது இதுக்குத்தானோ?" என்று கேட்டார் அக்கா.

"ஓம். செய்முறைப் பாடம்."

"நல்லாப் படி. நீ வேலை கிடைச்சுப் போனாப் பிறகு ஆர் எனக்குக் காவுறது?"

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் வேலைக் கடிதம் எந்த நாளும் வரலாம். அன்று அவருடைய காணி உறுதியைக் கேட்டேன். சேலைகளுக்கு அடியில் இருந்து ஒரு பிளாஸ்ரிக் பை வந்தது. உறுதியில் எல்லைகள் ஆட்களின் பெயர்களால் இருந்தன. கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே இன்னாரின் காணி. அந்த இன்னார்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. கடைசி வரியில்தான் எனக்குத் தேவையானது இருந்தது: கிணற்றில் பங்கும், வழிவாய்க்கால் பங்கும், அதாவது கிணற்றுக்குப் போய்வரவும் தண்ணீர் கொண்டுவரவும் உள்ள உரிமையும்.

"உது எல்லாற்றை உறுதியிலையும் கிடக்கும்," என்றார் அக்கா. "சும்மா எழுதுறது."

சும்மா எழுதியிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. எங்களுடையதோடு சேர்த்து மூன்று வளவும் முன்பு ஒரே காணி, சகோதரங்களுக்குப் பிரித்தது. ஒரு கிணற்றில் மூன்று பேர் இறைத்தால் தண்ணீர் ஓட வாய்க்கால் வேண்டும். அது எங்கே ஓடியது என்று அக்காவின் உறுதி சொல்லவில்லை. கிளாக்கர் அண்ணையிடம் நில அளவைப் படம் இருக்கும். அவர் கடுதாசிகளைத் தொலைக்கிற ஆள் இல்லை.

இருந்தது. மேசையில் விரித்து நான்கு மூலைக்கும் தேத்தண்ணிக் கோப்பை வைத்தார். கிணற்றில் இருந்து தெற்கு எல்லைக்குப் போய், எல்லையோரமாகவே அக்காவின் வளவுவரை ஓடிய இரண்டு மெல்லிய கோடுகள். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'வாய்க்கால்'. பொட்டு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

கிளாக்கர் அண்ணை படத்தின் மேல் குனிந்தார். "உது இருக்கெண்டு தெரியும். இறைப்பு நிண்டாப் பிறகு மண் மூடிப் போச்சு."

"இதாலை போனால் வளவு நடுவாலை உடையாது, அண்ணை."

விரலை அந்தக் கோடுகளின் வழியே ஒருதரம் ஓட்டினார். பிறகு படத்தைப் போனில் எடுக்க விட்டார்.

வீட்டில் அதைச் செய்மதிப் படத்தின் மேல் ஏற்றினேன். கிணற்றையும் வளவின் மூலைகளையும் பொருத்த வேண்டும். மூலைகளில் நின்று போனில் எடுத்த புள்ளிகளை நம்பினேன். அடுத்த நாள் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

கிளாக்கர் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "உம்மடை படத்திலை என்ரை ஆட்டுக்கொட்டில் அவளின்ரை வளவுக்கை நிக்குது. ஆட்டையும் சேத்துக் குடுத்துவிடுவமோ?"

போன் புள்ளி சில மீற்றர் தள்ளித்தான் விழும். மரத்துக்குக் கீழே நின்றால் இன்னும் மோசம். வாய்க்கால் மூன்றடி அகலம்தான். இது எனக்கு முதலாம் வருடத்திலேயே படிப்பித்த விசயம். பரீட்சையிலும் எழுதினேன், நல்ல புள்ளி கிடைத்தது.

"நாடாவாலை அளப்பம்," என்றேன். "கிணத்துக்கட்டிலை இருந்து."

யோசித்தார். "சனிக்கிழமை லீவு. அளந்து பாப்பம். அவ்வளவுதான் சொல்லுறன். நடக்கிறதோ குழாயோ எண்டதெல்லாம் பேந்து கதைப்பம்."

இன்று வியாழன். நூறடி நாடா ஒன்று மேசன் வேலை செய்கிற மாமாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நுனியைக் கிளாக்கர் அண்ணையும் மற்ற நுனியை அக்காவும் பிடிக்கட்டும், நான் எழுதுகிறேன். அந்த அளவை வைத்து ஒரு படம் கீறப் போகிறேன். திறந்த வரைபடத்தில் ஏறாது, இரண்டு வளவுக்கும் கனடாவுக்கும் மட்டும். வளவு முழுசாக இருக்கும். தெற்கு ஓரத்தில் மூன்றடி இருக்கும். அந்த மூன்றடி யாருக்கு, எதற்கு என்று உறுதியில் உள்ளபடியே தமிழில் எழுதியிருக்கும். ஞாயிறு அன்று கலியாணப் பேச்சுக்கு மாப்பிள்ளையின் தமையன்காரர் வீடியோவில் வருவார். கிளாக்கர் அண்ணை படத்தைக் காட்டுவார், நான் பக்கத்தில் இருப்பேன், கேட்டால் மட்டும் கதைப்பேன்.

தகரத்தைக் கழற்றச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. தெற்கு மூலையில், வாய்க்கால் முட்டுகிற இடத்தில், ஒரே ஒரு தகரம். அதை மட்டும் கழற்றக் கேட்டுப் பார்ப்போம் என்று அக்காவிடம் சொன்னேன்.

"ஒரு தகரம் போதும்," என்றார். "நான் என்ன, கான்தானே கொண்டு போறன்."

அதுவரை ஒவ்வொரு பின்னேரமும் ஸ்கூட்டி ஓடும்.