ஊரே வாய்மூடி நின்ற மதியம்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு கத்திரி வெயில் காலத்தில், சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நடந்தது இது. அப்போது நான் காஞ்சிபுரம் - பூந்தமல்லி தடத்தில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். என் தொண்டையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். நான் சுங்குவார்சத்திரத்தில் குரல் கொடுத்தால் பல மைல் தள்ளித் தண்டலத்தில் நிற்கிறவன் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வான் என்று எங்கள் டிரைவர் கேலி செய்வார். முன்கோபமும் உண்டு. பின்னால் வருகிற எதிர்க் கம்பெனி பஸ்ஸின் கண்டக்டரோடு 'டைமிங்' சண்டை போடாமல் எனக்கு ஒரு வேளை சோறு இறங்கியதில்லை.

அப்பேர்ப்பட்ட எனக்கு, கூப்பிட்டால் திரும்பாத ஒரு மகள். மூன்று வயது முடிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. செவிடு என்று நாங்கள் நினைக்கவே இல்லை. ஏனென்றால் கதவை அறைந்து சாத்தினால் திரும்புவாள், பின்னால் போய்த் தரையை மிதித்தால் திரும்புவாள். மாவு மெஷின் ஓடினால் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்வாள். நான் கத்தினால் மட்டும் கண்டுகொள்ள மாட்டாள். "அப்பன் மாதிரியே திமிரு" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஆளுக்கு ஒரு உதாரணம் சொன்னார்கள்: அவர்கள் வீட்டில் ஒருவன் ஐந்து வயதில்தான் பேசினானாம், இப்போது வாயை மூட வைக்க முடியவில்லையாம். பெரிய ஆஸ்பத்திரியிலும் தொண்டையைப் பார்த்துவிட்டு, பேசிவிடும் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் மனைவி மட்டும் ராத்திரியில் தூங்காமல் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த நேரத்தில்தான் 'வூட்டு வேன்' வந்தது. ஊர்ப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. ஏதோ ஒரு தர்ம ஸ்தாபனம் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பியது. பார்த்தால் வேன், உள்ளே ஏறினால் வீடு. படுக்கை, அடுப்பு, கைகழுவத் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு டாக்டரம்மாவும் உதவிக்கு ஒரு பெண்ணும் அதிலேயே தங்கி, அதிலேயே சமைத்து, ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளின் காதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் கதவடைத்த ஒரு சின்ன அறை, அதுதான் சோதனை அறை. அதன் சுவரில் ஒரு ஏ.சி. எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் ஏ.சி.யைப் பார்க்கவே வரிசையில் நின்றார்கள். ரைஸ் மில்லிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்டு கொடுத்திருந்தார்கள்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்ததாம். அன்று சாயங்காலம் ஒரகடம் பக்கத்துக் கிராமங்களுக்கு வண்டி போய்வந்தது. அந்தக் காலத்து ஒரகடம் ரோடு எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். குலுங்கிய குலுக்கலில் ஏ.சி.யின் பிடிமானம் ஆட்டம் கண்டுவிட்டது. மறுநாள் காலை சுவிட்சைப் போட்டதுமே 'தடதடதட' என்று வண்டி முழுக்க நடுங்கியது. அந்த மறுநாள்தான் எங்கள் முறை.

எங்கள் பஸ் வருஷாந்திர எஃப்.சி. சோதனைக்குப் போயிருந்ததால் நானும் டிரைவரும் அன்று சும்மா. அவரும் கூட வந்தார். குழந்தையின் காதில் ஒரு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரக்கட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தார் டாக்டரம்மா. என் மகள் கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். போடு, போடு என்று கட்டைகளைப் போட்டுத் தள்ளினாள். என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பாப்பாவுக்குக் காது கேக்குதுங்க!" என்றாள்.

டாக்டரம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டார். மெஷினை இன்னும் முடுக்கவே இல்லை என்றார். ஏ.சி. அதிரும்போதெல்லாம் குழந்தை கட்டை போட்டிருக்கிறாள்! "காதால கேக்கல. காலாலயும் கையாலயும் கேக்குறா. உங்க வீட்டுக் கதவு, மாவு மெஷின் எல்லாம் அப்படித்தான் கேட்டிருக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

அப்படியானால் சுத்தமாகக் கேட்காதா என்று கேட்டேன். அதைத்தான் தன்னால் சொல்ல முடியவில்லை என்றார். கொஞ்சமாவது கேட்டால் காதில் மெஷின் வைத்துப் பேசப் பழக்கலாம், அதை இந்த வயதிலேயே தொடங்க வேண்டும். ஆனால் இந்த அதிர்வில் எதைச் சோதித்தாலும் பொய்யாகத்தான் வரும். வண்டி அன்று சாயங்காலமே வேலூர்ப் பக்கம் கிளம்புகிறது, மறுபடி வர மாதக்கணக்காகும். ஏ.சி.யை நிறுத்திப் பார்த்தோம். தகரப் பெட்டிக்குள் கத்திரி வெயில், கொஞ்ச நேரத்தில் இட்லிக் குண்டான் ஆகிவிட்டது. குழந்தை வியர்த்து வழிந்து வீலென்று அழுதாள். ஹெட்போன் காதில் நிற்காமல் வழுக்கியது.

"தோ பாரும்மா, பஸ்ஸுல ஆடாத நட்டா? இப்ப பாரு" என்று எங்கள் டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டினார். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: ஆடினால் முறுக்கு. ஸ்பேனரை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு எல்லா நட்டையும் முறுக்கினார். 'தடதட' போய் 'ஙொய்ய்ங்' என்று பற்கூசும் ஒரு சத்தம் வந்தது. முன்னதை விட இது மோசம்.

அடுத்து நான் மூளையைக் காட்டினேன். சத்தம் வெளியே இருந்துதானே வருகிறது, அதை மூடிவிட்டால்? ரைஸ் மில்லில் கோணி வாங்கி ஏ.சி.யின் பின்பக்கத்தில் திணித்தேன். கொஞ்ச நேரம் நன்றாக அடங்கியது. டிரைவர் என் முதுகில் தட்டினார். அப்புறம் ஏ.சி. மூச்சு முட்டி, உள்ளே சுடச்சுடக் காற்றை ஊதியது.

"யாருங்க அதுக்குக் கோணி போர்த்தினது? அதுக்கு என்ன குளிரா?" என்று டாக்டரம்மா கீழே இறங்கி வந்து கத்தினார். கூடியிருந்த கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோணியை உருவிக் கீழே எறிந்துவிட்டு, எதிரே நின்ற நாலு பேரைக் காரணமே இல்லாமல் திட்டினேன்.

அப்போது என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாங்க, பாப்பா இன்னா பண்றா பாருங்க."

என் மகள் வேனின் வெளிப்பக்கத் தகரத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே நடந்தாள். கொஞ்ச தூரம் போவாள், திரும்பி வருவாள். ஏ.சி.க்கு நேராக அல்ல, அதற்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே ஓர் இடத்தில் நின்றாள். இரண்டு கையையும் அங்கே வைத்துக் கன்னத்தையும் வைத்துச் சிரித்தாள். கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கிற சிரிப்பு. டாக்டரம்மா பார்த்துக்கொண்டே வந்து அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து அழுத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது! கையை எடுத்தார், மறுபடி 'ஙொய்ய்ங்'. ஏ.சி. பாட்டுக்கு லேசாகத்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே தகடு சட்டத்தை விட்டுக் கழன்று, அந்த அதிர்வை வாங்கித் தவில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு தடியன்களும் மேலே முறுக்கிக்கொண்டிருந்தோம்.

சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபை வார் வாராக வெட்டிக் கொடுத்தார். தகட்டை நெம்பி, தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பரைச் சொருகினோம். ஏ.சி.யைத் தூக்கிப் பிடித்து அதன் அடியிலும் ரப்பர் வைத்தோம். முறுக்கிய நட்டை டிரைவரே அரை மனதாகத் தளர்த்தினார். முடிகிற வரை என் மகள் கையை எடுக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டதும் தகரத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவளுடைய சத்தம் காணாமல் போய்விட்டது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என்னை முறைத்தாள் பாருங்கள், என் பிழைப்பில் அப்படி ஒரு முறைப்பை நான் வாங்கியதில்லை. உள்ளே காதை வைத்துக் கேட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு மெல்லிய மூச்சுதான்.

"ஏ.சி. அடங்கிடுச்சு. இனிமே ரோடுதான்" என்றார் டாக்டரம்மா.

பெங்களூர் ரோடு! லாரி, பஸ், ஆரன், டீக்கடை ரேடியோ, ரைஸ் மில். போதாததற்கு ஸ்டாப்பிங்கில் கத்துகிற கண்டக்டர்கள். நான் தோளில் இருந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். டிரைவர் எதிர்ப்பக்கம் ஓடினார். டீக்கடைக்காரர் ரேடியோவின் கழுத்தைத் திருகினார். மில்காரர் ஒயரில் கரண்டு வரட்டும் என்று விட்டுவிட்டு மெஷினை மட்டும் நிறுத்தினார். வருகிற வண்டிகளை எல்லாம் துண்டை ஆட்டி ஓரங்கட்டினேன். உதட்டில் விரலை வைத்து, வேனைக் காட்டி, காதைக் காட்டி, குழந்தையின் உயரத்தைக் காட்டினேன். புரிந்ததோ புரியவில்லையோ, லாரிக்காரர்கள் எஞ்சினை அணைத்தார்கள். ஓர் ஆந்திரா லாரிக்காரர் மட்டும் என்ன ஏது என்று உரக்க ஆரம்பித்தார். வெற்றிலை பாக்குக் கூடைக்காரப் பெண்மணி அவர் கையில் ஒரு வெற்றிலைச் சுருளைத் திணித்து வாயைக் காட்டினாள். அதோடு அவர் வாய் அடைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்க் கம்பெனி பஸ் வந்தது. போச்சுடா என்று நினைத்தேன். அந்தக் கண்டக்டர் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டே, "இன்னாயா, ரோட்ட உங்கப்பன் வூட்டு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பக்கத்தில் போய் அவர் காதோடு சொன்னேன். "எம் பொண்ணுக்குக் காது கேக்குதான்னு உள்ள பாத்துகினு கீறாங்க. கொஞ்சம் பொறுத்துக்கப்பா." அவரை நான் 'அப்பா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பஸ்ஸுக்குள் தலையை விட்டு, பயணிகளைப் பார்த்து விரலை ஆட்டினார். "யார்னா மூச் வுட்டீங்க, இங்கியே இறக்கி வுட்டுடுவேன்" என்று கிசுகிசுத்தார். பிறகு இறங்கி வந்து, எனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது? சுங்குவார்சத்திரத்தில் புளிய மரத்து இலை அசைகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். வெயிலில் வரிசையாக வண்டிகள், ஜன்னல் ஜன்னலாக முகங்கள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது, அதன் தாய் சட்டென்று அதைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். யாருக்குத் தும்மல் வந்ததோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்து நின்றார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் வேனுக்குள் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

வேன் கதவு திறந்தது. என் மனைவி படியில் நின்றாள். கன்னம் எல்லாம் ஈரம், வாய் மட்டும் சிரித்தது. நான் ஓடினேன். அவள் என் காதில் வாயை வைத்து, "கேக்குதுங்க. கொஞ்சமா, ஆனா நெசமாவே கேக்குது" என்றாள். காதோடு ஒட்டி வருகிற பலத்த சத்தங்கள் எட்டுகின்றன, தள்ளி நின்று கத்துவதுதான் எட்டவில்லை, மெஷின் வைத்தால் பேச்சு வரும் என்று டாக்டரம்மா சொன்னாராம். எனக்கு வானத்தைப் பார்த்து 'ஓ'வென்று கத்த வேண்டும்போல் வாய் திறந்துவிட்டது. அவள் தன் கையால் என் வாயைப் பொத்தினாள். உள்ளே அடுத்த குழந்தை உட்கார்ந்திருந்தது.

அப்புறம் என்ன செய்வது? ரோட்டுக்கு ஓடிவந்து, இரண்டு கையையும் தூக்கி, சத்தமே இல்லாமல் குதித்தேன். எதிர்க் கம்பெனிக் கண்டக்டர் என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். எங்கள் டிரைவர் தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். பஸ் ஜன்னல்களில் அத்தனை பேரும் கையை ஆட்டினார்கள். உள்ளங்கைகள் ஒட்டாமல் கை தட்டினார்கள். லாரிக்காரர் வாய் நிறைய வெற்றிலையோடு தலையைத் தலையை ஆட்டினார். ஊரே திருவிழா கொண்டாடுகிறது, ஒரு சின்னச் சத்தம் இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு பேர் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

காத்திருந்த குழந்தைகள் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான், சைகை காட்டி ரோட்டைத் திறந்துவிட்டேன். அடக்கி வைத்திருந்த ஆரன்களை எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்துத் தீர்த்தார்கள்.

பிறகு டாக்டரம்மா, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு மெஷினை என் மகளின் கவுன் பையில் வைத்து, ஒயரைக் காதில் மாட்டினார். "பின்னாடி நின்னு ஏதாவது பேசுங்க. கத்தாம பேசுங்க" என்றார். கண்ணே மணியே என்று கொஞ்சியிருக்கலாம். பழக்க தோஷம், "ரைட்டு, போலாம்" என்றுதான் வாயில் வந்தது. என் மகள் திரும்பினாள். மெஷினைத் தொட்டுப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், பிறகு ஓடிவந்து என் உதட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். மறுபடி சொல்லு என்று அர்த்தம். எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இன்று அவள் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போனில் நான் பேச ஆரம்பித்தாலே, "ஏம்ப்பா இப்டி கத்துற? காது வலிக்குது" என்று திட்டுகிறாள், அந்தத் திட்டுக்காகவே இன்னும் கொஞ்சம் கத்துகிறேன். எனக்காக வாய் திறந்து பரிந்து பேசியவர்கள் பலர் உண்டு, அவர்களை மறக்க மாட்டேன். ஆனால் முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக, கொளுத்துகிற வெயிலில் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாய் மூடி நின்றார்களே, அவர்களை நினைக்கும்போதுதான் மனிதப் பிறவி எடுத்ததற்கு எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.